கேடயத்தை விடுங்க, வரைபடத்தை எடுங்க

கடலை பிடுங்கி, ஆய்ஞ்சு, கொடியைப் போர் போட்டு முடிச்சாச்சு. ரெண்டு நாளா உடம்பு அசதி. மகள் வீட்டுக்கு ஸ்காட்லாந்து போயிட்டு வந்து இத்தனை மாசம் ஆச்சே, அதைப் பத்தி ஒண்ணுமே எழுதலையேன்னு சில பேர் கேட்டிருந்தீங்க. ஏரி, கோட்டை, மழை, குளிர் இதையெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்காங்க. நான் எழுதப் போறது ஒரு சண்டையைப் பத்தி. ஒரு மரக் கேடயத்தோட நான் போட்ட சண்டை.

மகள் குடியிருக்கிறது இன்வெர்னஸ் நகரத்துல. பக்கத்து வீட்டுல ஒரு பெரியவர். பஸ் டிரைவரா இருந்து ஓய்வு பெற்றவர். என்னோட இங்கிலீஷ் அரைகுறை, அவர் பேசுற இங்கிலீஷ் எனக்குக் கால்வாசிதான் புரியும், ஆனாலும் நல்லாப் பழகிட்டோம். செடிக்கு உரம் வைக்கிறதப் பத்திப் பேச பாஷை ரொம்பத் தேவையில்லை. ஒரு நாள் டீ குடிக்கக் கூப்பிட்டார். கூடத்துச் சுவத்துல பெருசா ஒரு கேடயம். பாறை மேல உட்கார்ந்திருக்கிற அண்டங்காக்கை, சுத்திலும் வார், கீழே பேர். "எங்க குலச் சின்னம். மக்டோனல் ஆஃப் கிளென்கேரி. எங்க முன்னோர்"னு பெருமையாச் சொன்னார். சுற்றுலாக் கடையில வாங்கினதாம். குடும்பப் பேரைச் சொன்னா போதும், கம்ப்யூட்டர்ல தட்டிப் பார்த்து, அதுக்குரிய சின்னத்தையும் கட்டம் போட்ட டார்ட்டன் துணியையும் எடுத்துக் கொடுத்துருவாங்களாம்.

அன்னைக்கு நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா மனசுக்குள்ள ஒரு கேள்வி. இவ்வளவு பெரிய மலைநாட்டுல எல்லாரும் தலைவர் வம்சம்னா, ஆடு மாடு மேய்ச்சது யாரு? உருளைக்கிழங்குக்கு மண்ணு வெட்டினது யாரு?

அப்புறம் மகளும் நானும் உட்கார்ந்து படிச்சோம். படிக்கப் படிக்க எனக்குக் கோபம்தான் வந்தது. ஸ்காட்லாந்து சட்டப்படி, குடும்பப் பேருக்குன்னு ஒரு சின்னம் கிடையாது. சின்னம் ஒரு தனி ஆளுக்குத்தான் சொந்தம். அதைக் கவனிக்க லார்ட் லயன்னு ஒரு அதிகாரியும் அவருக்கு ஒரு நீதிமன்றமும் இன்னைக்கும் இருக்கு. குலத்தைச் சேர்ந்தவங்க தலைவரோட சின்னத்தை வார் சுத்தின வடிவத்துல போட்டுக்கலாம். அதுக்கு அர்த்தம் "நான் இந்தத் தலைவரோட ஆள்". "நான் இந்த வம்சம்"னு அதுக்கு அர்த்தம் இல்லை.

குலத்துக்கு ஒரு கட்டம்னு சொல்ற டார்ட்டனும் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டுச் சமாச்சாரம். 1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தப்ப, எழுத்தாளர் வால்டர் ஸ்காட் முன்னாடி நின்னு எல்லாருக்கும் டார்ட்டன் மாட்டி ஊர்வலம் விட்டார். 1842-ல் பழங்காலச் சுவடின்னு சொல்லி, எந்தக் குலத்துக்கு எந்தக் கட்டம்னு ஒரு புத்தகம் வந்தது. அது போலின்னு பின்னாடி தெரிஞ்சது. அதுக்குள்ள துணி வித்துப் போச்சு.

பேரும் அப்படித்தான். மலைநாட்டுல தலைவர் நிலத்துல குடியிருந்தவங்க பல பேர் தலைவர் பேரையே வெச்சுக்கிட்டாங்க. ரத்த உறவு இருக்கணும்னு அவசியம் இல்லை. அவங்களுக்குள்ள புழங்கினது வேற பேரு. கேலிக் மொழியில இன்னார் மகன், அவர் இன்னார் மகன்னு நீட்டிக்கிட்டே போவாங்க. அப்பன் பேரை இனிஷியலாத் தூக்கிட்டுத் திரியற நமக்கு இது புரியும். சமவெளிப் பக்கம் விவசாயியை அவர் பண்ணையோட பேரைச் சொல்லியே கூப்பிடுவாங்க. எங்க ஊருலயும் என் பேரைச் சொன்னா தபால்காரருக்கே தெரியாது, மேட்டுத்தோட்டத்தார்னா தெரியும். ஆக அந்த நாட்டுலயும் ஆளைக் கண்டுபிடிக்கணும்னா மண்ணைக் கண்டுபிடிக்கணும். இதுதான் நான் சொல்ல வர்றது. முன்னோரைத் தேடறவங்க குலத்தைத் தேடக் கூடாது, வயலைத் தேடணும்.

மறுவாரம் பெரியவர்கிட்ட மெதுவா எடுத்துச் சொன்னேன். கோவிச்சுக்குவார்னு நினைச்சேன். "சரி, அப்ப நீயே தேடிக் காட்டு"ன்னார். மூணு பேரும் சமையலறை மேசையில கம்ப்யூட்டரை வெச்சு உட்கார்ந்தோம்.

தொடக்கம் சுலபம். ஸ்காட்லாந்துல 1855 ஜனவரி 1-ல் இருந்து பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாத்தையும் அரசாங்கம் கட்டாயமாப் பதிவு பண்ணுது. அவங்க இறப்புச் சான்றிதழ் நல்ல வயக்காட்டு வரப்பு மாதிரி, பிடிச்சுக்கிட்டே நடந்து போகலாம். செத்தவரோட அப்பா பேரு, அம்மா பேரு, அம்மாவோட பிறந்த வீட்டுப் பேரு வரைக்கும் இருக்கும். கல்யாணம் ஆனாலும் பொம்பளைங்க பிறந்த வீட்டுப் பேரு அந்த நாட்டு ஆவணத்துல தொலையறதில்லை. 1841-ல் இருந்து பத்து வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்த சென்சஸ் தாள்களும் இருக்கு. அரசாங்கமே நடத்துற ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள் தளத்துல பேரைத் தேடறதுக்குக் காசு இல்லை. தாளோட படத்தைப் பார்க்கத்தான் கட்டணம்.

பெரியவரோட கொள்ளுத்தாத்தாவின் இறப்புச் சான்றிதழ் அவர் கையிலேயே இருந்தது. அதுல இருந்த அப்பா அம்மா பேரை வெச்சுக்கிட்டுப் பின்னாலே போனோம். 1881 சென்சஸ்ல ஆள் கிளாஸ்கோவுல கூலி வேலை. பிறந்த இடம் இன்வெர்னஸ் சீமை, கிளெனெல்க் பாரிஷ். 1851 சென்சஸ்ல அதே பாரிஷ்ல, நாய்டார்ட் கடற்கரையில ஐரோர்ங்கிற கிராமத்துல, மூணு வயசுப் பையனா இருக்கார். 1861 சென்சஸ்ல அந்த ஊருல அந்தக் குடும்பமே இல்லை.

பேரை எழுதின விதமும் தாளுக்குத் தாள் மாறுது. மக்டோனல், மக்டொனால்ட், சில தாள்ல எம் போட்டு மேல ஒரு புள்ளி. கணக்கெடுக்க வந்தவர் காதுல விழுந்ததை எழுதியிருக்கார். அதனால எழுத்துக்கூட்டலைப் பிடிச்சுத் தொங்காதீங்க. ஊரைப் பிடிங்க.

1855-க்கு முன்னாடி போனா வரப்பு உடையுது. அப்ப இருந்தது சர்ச் பதிவேடுதான். எழுதினாலும் எழுதலைன்னாலும் கேட்க ஆள் இல்லை. 1783-ல் இருந்து 1794 வரைக்கும் ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் வரி போட்டாங்க, நிறையப் பேர் பதியாமலே விட்டுட்டாங்க. நாய்டார்ட்காரங்க கத்தோலிக்கர், அதனால அரசாங்கம் ஒத்துக்கிட்ட சர்ச் புத்தகத்துல அவங்க வர்றது இன்னும் குறைவு. 1855-க்கு அப்புறம் வந்த வருடாந்திர மதிப்பீட்டுப் பட்டியல்ல நிலத்துக்கு யார் சொந்தக்காரர், யார் குத்தகைதாரர், யார் குடியிருக்கார், வருஷ வாடகை எவ்வளவுன்னு வரிசையா இருக்கும். ஆனா அதுலயும் ஒரு ஓட்டை. வருஷத்துக்கு 4 பவுண்டுக்குக் குறைஞ்ச வாடகையில குறுகிய காலம் இருக்கிறவங்க பேரை எழுதியே ஆகணும்னு கட்டாயம் இல்லை. ஏழையா இருந்தா பட்டியல்லயும் இடம் இல்லை. ஊர் உலகம் பூரா இதே கதைதான்.

பேரு நிக்கிற இடத்துல வரைபடம் பேச ஆரம்பிக்குது.

எடின்பரோவுல ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இருக்கு. ரெண்டு லட்சத்துக்கும் மேல பழைய வரைபடங்களை இணையத்துல போட்டிருக்காங்க. நயா பைசா கொடுக்க வேண்டாம். பழைய வரைபடத்தை இன்னைக்குச் செயற்கைக்கோள் படத்து மேல வெச்சு, விரலால தள்ளித் தள்ளி அடியில என்ன இருக்குன்னு பார்க்கலாம்.

முதல்ல ராய் வரைபடம். 1746-ல் கல்லோடன் போர்ல மலைநாட்டுப் படை தோத்ததும், தெரியாத மலைக்குள்ள பட்டாளத்தை நடத்துறதுக்குன்னு அரசாங்கம் வரையச் சொன்னது. வில்லியம் ராய் 1747-ல் இருந்து 1755 வரைக்கும் அளந்தார். ஜனங்களுக்காக வரைஞ்சது இல்லை, ஜனங்களை அடக்க வரைஞ்சது. ஆனாலும் வீடுகளைச் சிவப்புலயும் உழவு நிலத்தை மஞ்சள்லயும் கோடு போட்டுக் காட்டியிருக்கார். அவருக்குத் தேவை பட்டாளத்துக்கு வழி. நமக்குக் கிடைச்சது ஊர்.

அடுத்தது ஆர்டினன்ஸ் சர்வே. மைலுக்கு 6 அங்குலம். நாய்டார்ட் பக்கம் அவங்க அளந்தது ஏறக்குறைய 1870-கள்ல. எங்க எஃப்எம்பி மாதிரி ஒவ்வொரு சுவரும் தெரியும். அதுல ஒரு வழக்கம் வெச்சிருக்காங்க. கூரை இருக்கிற வீட்டுக்குக் கட்டத்துக்குள்ள நிழல் போட்டு நிரப்புவாங்க. கூரை இல்லாத வீட்டுக்கு வெறும் கட்டம். அந்தக் கடற்கரையில விரலை நகர்த்திக்கிட்டே போனா வெறும் கட்டம், வெறும் கட்டம், வெறும் கட்டம். பெரியவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு மறுபடியும் பார்த்தார்.

செயற்கைக்கோள் படத்துக்குத் தள்ளினோம். பச்சைப் புல்லு மேல சீப்பு வெச்சு வாரின மாதிரி வரி வரியா மேடு பள்ளம். "இது என்ன, மண்ணோட அமைப்பா?"ன்னு கேட்டார். எனக்குப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. "பார் பிடிச்சிருக்காங்க. தண்ணி வடியறதுக்கு மேட்டுப்பாத்தி"ன்னேன். மகள் தேடிப் பார்த்துச் சொன்னாள், அதேதான். கடல்பாசியை முதுகுல சுமந்து வந்து போட்டு, கால்கலப்பையால மண்ணைப் புரட்டி, உருளைக்கிழங்கும் ஓட்ஸும் வெச்ச பாத்திகள். அதுக்கு இங்கிலீஷ்ல 'சோம்பேறிப் பாத்தி'ன்னு பேராம். முதுகுல பாசி சுமந்தவனுக்குச் சோம்பேறின்னு பேரு வெச்சவன் ஒரு நாள் மண்வெட்டி பிடிச்சிருப்பானா?

சரி, மூணு வயசுப் பையன் இருந்த வீடு எப்படி வெறும் கட்டம் ஆச்சு? இதுக்கு வரைபடம் வேண்டாம், சரித்திரத்துலயே இருக்கு. கிளென்கேரி குலத் தலைவர்கள்ல ரொம்பப் பேர் போனவர் அலஸ்டர் ரானல்ட்சன் மக்டோனல். முழு டார்ட்டன் உடுப்புல நிக்கிற அவர் படத்தை ரேபர்ன் வரைஞ்சார், எடின்பரோ ஓவியக் கூடத்துல இன்னைக்கும் இருக்கு. 1815-ல் 'உண்மையான மலைநாட்டார் சங்கம்'னு ஒண்ணு ஆரம்பிச்சார். உடுப்பு, விருந்து, வேட்டை எல்லாம் ஜோர். அதே ஆள் காலத்துல அவர் நிலத்துல இருந்த குடியானவங்க ஆட்டுப் பண்ணைக்காகக் காலி ஆகிட்டு இருந்தாங்க. அவர் ஆடம்பரத்துக்கு வாங்கின கடன் மகன் தலையில விழுந்து, நிலம் துண்டு துண்டா விலை போச்சு. கடைசியில நாய்டார்ட் மிச்சம். மகனும் செத்துட்டார். 1853-ல் அவர் விதவை யோசபின், நிலத்தை விக்கிறதுக்கு முன்னாடி ஆட்களை அப்புறப்படுத்தினாங்க. 300 பேருக்கு மேல கப்பல் ஏத்திக் கனடாவுக்கு அனுப்பினாங்க. ஏற மாட்டேன்னு நின்ன குடும்பங்களோட வீடுகளை இடிச்சுத் தள்ளினாங்க. சுவத்து ஓரத்துலயும் கிழிசல் துணிக்கு அடியிலயும் கிடந்தவங்களை டொனால்ட் ராஸ்ங்கிற கிளாஸ்கோ வக்கீல் நேர்ல போய்ப் பார்த்து, குடும்பம் குடும்பமா எழுதி அதே வருஷம் புத்தகமாப் போட்டார். பின்னாடி நிலத்தை வாங்கினவர் ஒரு இரும்பாலை முதலாளி.

இப்ப அந்தச் சுவத்தைப் பாருங்க. பாறை மேல அண்டங்காக்கை. தன் கொள்ளுத்தாத்தா வீட்டுக் கூரையை இழுத்துப் போட்ட குடும்பத்தோட சின்னத்தை, காசு கொடுத்து வாங்கி, ஆணி அடிச்சு மாட்டி, "எங்க முன்னோர்"னு சொல்லிட்டு இருந்தார் அந்த மனுஷன். அவரைச் சொல்லிக் குத்தமில்லை. அவருக்கு வித்தவங்களைச் சொல்லணும். எச்சிலைத் துப்பி அனுப்பினா இத்தனை சதவீதம் மலைநாடுன்னு சொல்ற டிஎன்ஏ கம்பெனிகளும் இதே ரகம்தான். சதவீதத்துல ஊர் பேரு இருக்காது, வாடகை பாக்கி இருக்காது, யார் வெளியேத்தினாங்கன்னு இருக்காது.

"எல்லாம் பலவந்தம் இல்லை, 1846-ல் இருந்து உருளைக்கிழங்கு அழுகிப் பட்டினி, தலைவர்களும் கடன்ல மூழ்கி இருந்தாங்க, பல பேர் தானா விரும்பித்தான் போனாங்க"ன்னு சொல்றவங்க அங்கேயும் இருக்காங்க. பட்டினி உண்மை. கடனும் உண்மை. தானாப் போனவங்களும் உண்டு. ஆனா போகலைன்னா கூரை இருக்காதுங்கிற நிலையில வர்ற விருப்பத்துக்கு என்ன மரியாதை? அதனாலதான் ஆவணத்தைப் பாருங்கன்னு சொல்றேன். ஒவ்வொரு ஊருக்கும் கதை வேற. பொதுவாப் பெருமைப்படறதும் தப்பு, பொதுவா ஒப்பாரி வைக்கிறதும் தப்பு.

ஆவணத்தையும் அப்படியே நம்பிடக் கூடாது. சர்வேக்காரங்க ஊர்ப் பேர்களை எழுதி வெச்ச பேர்ப் புத்தகங்கள் இருக்கு. இந்தப் பேரை இப்படி எழுதச் சொன்னது யாருன்னு சாட்சி பேரோட இருக்கும். பார்த்தா ஜமீன்தார், அவர் காரியஸ்தர், சர்ச் போதகர், வாத்தியார். சர்வேக்காரங்களுக்குக் கொடுத்த அறிவுரை ஒண்ணுல, சின்ன விவசாயி சொல்றதை நம்ப வேண்டாம், அவன் குடியிருக்கிற இடத்தோட பேரா இருந்தாலும் சரின்னு இருக்காம். மகள் இதைப் படிச்சுக் காட்டினப்ப எனக்குக் கை நடுங்குச்சு. எங்க காட்டுல ஒவ்வொரு வயலுக்கும் பேரு இருக்கு. என் பாட்டன் வெச்ச பேரை என்னைத் தவிர யாரைக் கேட்பாங்க?

அந்த ஆளுங்க வாயிலேயே கேட்கணும்னா நேப்பியர் கமிஷன் சாட்சியங்களைப் படிங்க. 1883 மே மாசம், ஸ்கை தீவுல பிரேஸ்ங்கிற இடத்துல முதல் உட்கார்வு. முதல் சாட்சி ஆங்கஸ் ஸ்டூவர்ட்ங்கிற குடியானவர். நான் உண்மை பேசினா என்னை நிலத்தை விட்டுத் துரத்த மாட்டாங்கன்னு உத்தரவாதம் கொடுங்க, அப்புறம் பேசறேன்னார். அறிக்கையும் சாட்சியமும் சேர்ந்து அஞ்சு தொகுதி. மூணு வருஷத்துல, 1886-ல், சட்டம் வந்தது, சின்னக் குடியானவங்களை நினைச்ச மாத்திரத்துல வெளியேத்த முடியாதுன்னு. நாய்டார்ட்காரங்களுக்கு அது 33 வருஷம் லேட்.

நம்ம ஊரோட தொடர்பு உள்ள ஒரு இடத்தையும் சொல்லணும். இன்வெர்னஸுக்கு வடக்கே ஃபைரிஷ்னு ஒரு குன்று. உச்சியில கல் தூண்கள், வளைவுகள். மகளும் மருமகனும் கூட்டிட்டுப் போனாங்க. 1782-ல் ஹெக்டர் மன்றோங்கிற தளபதி கட்டினது. எதைப் பார்த்துக் கட்டினார் தெரியுமா? நம்ம நாகப்பட்டினம் கோட்டை வாசலை. முந்தின வருஷம்தான் டச்சுக்காரங்ககிட்ட இருந்து நாகப்பட்டினத்தைப் பிடிச்சிருந்தார். பஞ்சம் பிழைக்க வந்த உள்ளூர் ஜனங்களுக்குக் கூலி கொடுக்கறதுக்காகக் கட்டினதுன்னு அங்கே சொல்றாங்க. ஆனா பத்து வருஷம் கழிச்சு, 1792-ல், அதே சீமையில குடியானவங்க ஆயிரக்கணக்கான ஆடுகளை ஓட்டிட்டுப் போய் எதிர்ப்புக் காட்டினாங்க. கேலிக்ல அதுக்கு 'ஆட்டு வருஷம்'னு பேரு. வரைபடத்துல நினைவுச்சின்னம்னு பெருசா எழுதியிருக்கு. கல் சுமந்தவன் வீடு எங்கேன்னு நாமதான் பூதக்கண்ணாடி வெச்சுத் தேடணும்.

ஒண்ணையும் மறைக்கக் கூடாது. கனடா போனவங்களுக்குக் கிடைச்ச நிலமும் அங்கே முன்னாடியே இருந்த பூர்வகுடிகளோட நிலம்தான். துரத்தப்பட்டவன் இன்னொருத்தன் இடத்துல போய் உட்கார்ந்தான். வரைபடத்தைப் பிடிச்சுக்கிட்டு நேர்மையாப் போனா இதுவும் வரும். கேடயத்துல வராது.

பட்டணத்துல இருக்கிற உங்ககிட்ட ஏன் இந்தக் கதைன்னு கேட்கலாம். எடின்பரோ, கிளாஸ்கோ, அபர்டீன்ல வேலை பார்க்கிற பசங்க நிறையப் பேர் இதைப் படிக்கிறீங்க. அங்கே ஆபீஸ்ல யாராவது டார்ட்டன் கட்டிக்கிட்டு குலப்பெருமை பேசினா, சிரிச்சுட்டுப் போகாம, "உங்க ஆளு எந்த ஊரு, எந்தப் பண்ணை?"ன்னு கேளுங்க. முதல்ல 1855-க்கு அப்புறமான சான்றிதழ், அடுத்து சென்சஸ்ல பிறந்த பாரிஷ், அடுத்து 6 அங்குல வரைபடத்துல அந்தக் கிராமம், அடுத்து மதிப்பீட்டுப் பட்டியல்ல நிலத்துக்காரன் பேரு, அப்புறம் ராய் வரைபடம். பாரிஷைப் பத்திப் போதகர்கள் 1790-கள்லயும் 1830, 40-கள்லயும் எழுதின புள்ளிவிவரக் கணக்கும் உண்டு. இந்த வரிசையில போகச் சொல்லுங்க. ராஜா வருவாரான்னு தெரியாது. வாடகை கட்டின ஒரு மனுஷன் வருவான்.

ஊருக்கு வந்த பிறகு "நாங்க ஆண்ட பரம்பரை"ன்னு போஸ்டர் ஒட்டுற நம்ம ஆளுங்களையும் நினைச்சுக்கிட்டேன். அதுக்கு மேல இங்கே வேண்டாம்.

பெரியவர் கேடயத்தைக் கழட்டினாரான்னு கேட்பீங்க. கழட்டலை. மகன் கொடுத்த பிறந்தநாள் பரிசாம், மனசு வரலை. ஆனா நான் கிளம்பற வாரம் போனப்ப, அதுக்குப் பக்கத்துல இன்னொரு ஆணி அடிச்சிருந்தார். ஐரோர் கிராமத்தோட 6 அங்குல வரைபடத்தைப் பெருசா அச்செடுத்து, சட்டம் போட்டு மாட்டியிருந்தார். அந்த வெறும் கட்டங்கள்ல ஒண்ணைச் சுத்திப் பென்சில்ல ஒரு வட்டம், பக்கத்துல ஒரு கேள்விக்குறி. எந்த வீடுன்னு உறுதியாத் தெரியாது, அதனால கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறிக்காகவே அவரைக் கும்பிடலாம்னு தோணுச்சு.

நாய்டார்ட் நிலத்தை 1999-ல் அங்கே இருக்கிற ஜனங்களே ஒரு அறக்கட்டளை வெச்சு விலைக்கு வாங்கிட்டாங்க. வெயில் காலம் வந்ததும் மல்லெய்க்ல இருந்து படகு பிடிச்சுப் போய், அந்தப் பாத்தி மேல நடந்து பார்க்கப் போறேன்னார். போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கேன். வந்ததும் மேட்டோட அகலம் எவ்வளவுன்னு கேட்கணும்.

நாளைக்கு விடியக்காலம் நம்ம தண்ணி முறை. படுக்கறேன்.